திண்டிவனத்தில் லாகின் ஆகாத திங்கட்கிழமை

போன வாரம் விழுப்புரத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில், நான் உட்கார்ந்திருந்த அதே அறையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். சொந்த சர்வரை எடுத்துவிட்டு வாடகை சர்வருக்கு மாறுகிறார்களாம். பழைய பாலிசிகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறாளாம்.

“மேடம், ‘டிஎம் பிளாக்’னு ஒரு பாலிசி ஆஃப் பண்ணி அப்படியே கெடக்கு. யாரைக் கேட்டாலும் தொடாதன்னு சொல்றாங்க. எதுக்கு மேடம் போட்டாங்க அத?”

“எடுத்துடும்மா, ஒண்ணும் ஆவாது” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவள் கேட்டது அதற்கு மேல். மீதியைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எனக்குச் சொந்த ஊர் விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனவர்கள். நான் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் பில் அடிக்கச் சேர்ந்தேன். பில் புத்தகம் போய்க் கணினி வந்தது. கணினிகளை ஒன்றோடொன்று பின்னினார்கள். நடுவில் ஒரு சர்வர் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, கவுண்டரில் அதிகம் கேள்வி கேட்கிறவள் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். மாலை வகுப்பு கொஞ்சம், சர்வரை அமைத்த கம்பெனி ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தது கொஞ்சம், தப்பாகச் செய்து திருத்தியது நிறைய. என் படிப்பு அவ்வளவுதான். திண்டிவனத்தில் கிளை திறந்த பிறகு இரண்டு ஊர்க் கணினிகளுக்கும் சேர்த்து நாங்கள் இரண்டே பேர். நானும், என் மேலாளர் சண்முகசுந்தரமும்.

பாலிசி என்றால் இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லை. எந்தக் கணினியில் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது, எந்தப் பிரிண்டர் யாருக்குத் தெரிய வேண்டும் என்று சர்வரில் ஓர் இடத்தில் எழுதிவைக்கும் விதி. அங்கே எழுதினால் போதும். எல்லாக் கணினிகளும் தாமாகவே அதை இறக்கிக்கொண்டு கீழ்ப்படியும். வசதி அதில்தான், ஆபத்தும் அதில்தான். ஒரு பெட்டிக்குள் தவறான பெயரை எழுதிவிட்டால், அந்தத் தவறுக்கும் எல்லாக் கணினிகளும் அதே மாதிரி கீழ்ப்படியும்.

இதை நாங்கள் தெரிந்துகொண்டது ஆபரேஷன் தியேட்டரில். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று டைரக்டர் அம்மா ஒருமுறை கேட்டார். ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் அவர். எல்லோருக்கும் டைரக்டர் அம்மா. அவர் கேட்டபடி விதி போட்டோம். அது தியேட்டருக்கும் இறங்கிவிட்டது. எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்துப் பார்த்து எலும்பு சேர்த்துக்கொண்டிருந்த டாக்டருக்கு முன்னால் திரை பூட்டிக்கொண்டது. கையில் ரத்தம் தோய்ந்த உறை. பாஸ்வேர்டை எப்படித் தட்டுவது?

ஆபரேஷன் முடிந்து அவர் எங்கள் அறைக்கு வந்து கத்திய கத்தலில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சண்முகசுந்தரம் எழுந்து நின்றார். “எங்க தப்புதாங்க டாக்டர். இனிமே நடக்காது” என்றார். யார் விதியைப் போட்டது, யார் கேட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றே அந்தப் பூட்டு விதியை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டோம்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கழிப்பறை கழுவ வரும் அக்காவையும் “வாங்க, சொல்லுங்க” என்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அதிக நேரம் துடைத்தால் அதிகக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தியேட்டர் விஷயத்துக்குப் பிறகு அவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். எந்தப் பாலிசியை மாற்றினாலும் முதலில் பழையதை நகல் எடுத்து வைக்க வேண்டும். புதியதை எங்கள் அறையில் இருக்கும் ஒரே ஒரு கணினிக்கு இறக்கி, சாதாரண ஊழியர் ஐடியில் நுழைந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரு கவுண்டர். அங்கே ஒரு நாள் ஓடிய பிறகுதான் மற்ற எல்லாம். “சனிக்கிழமை மட்டும் எதையும் தொடக் கூடாதுங்க மேரி” என்பார். சனிக்கிழமை செய்யும் தப்பு ஞாயிறு முழுவதும் யார் கண்ணிலும் படாமல் இருந்து திங்கட்கிழமை ஓ.பி. கூட்டத்தில்தான் வெளியே வரும். வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டிருந்தோம். ஊழியர் ஐடிகளைத் திறப்பதும் மூடுவதும் என் பொறுப்பு. பாலிசி பெரும்பாலும் அவர் பொறுப்பு.

என் தங்கை லூர்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் ஜெனிபர் லேப் டெக்னீஷியன் படித்தாள். எங்கள் திண்டிவனம் கிளையில் ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தபோது நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். நல்ல வேலைக்காரி. குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவள் போன் செய்தாள். அழுகிறாள் என்று முதல் மூச்சிலேயே தெரிந்தது.

“பெரிம்மா, ஒப்பந்தத்துல இருந்த நாலு பேரையும் நிறுத்திட்டாங்க. இன்னியோட சரி, திங்கக்கெழம வர வேணான்னுட்டாங்க.”

“என்னாடி காரணம்?”

“ஒண்ணும் சொல்லல. நீ அங்க பெரிய ஆபீஸ்லதான இருக்க, டைரக்டரம்மா கிட்ட ஒரு வார்த்த கேளு பெரிம்மா.”

“இன்னிக்கி அந்தம்மா கெளம்பிட்டாங்க. திங்கக்கெழம மொத வேலையா கேக்குறேன். அழுவாத.”

திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் வரும்போது என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் திண்டிவனத்திலிருந்து போன். ரிசப்ஷன் பெண்.

“மேடம், யாருக்கும் உள்ள போகல. பாஸ்வேர்டு தப்புன்னு வரல. இந்தக் கம்ப்யூட்டர்ல நுழைய உங்களுக்கு அனுமதி இல்லன்னு வருது.”

அடுத்து மருந்துக் கடை. அடுத்து லேப். லேபில் இயந்திரங்கள் ஓடின; ஆனால் முடிவை யாராலும் கணினியில் ஏற்ற முடியவில்லை. கையால் எழுதி, நர்ஸுகள் ஓடி ஓடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலோடு வந்த ஒரு குழந்தையின் ரிப்போர்ட் அதே பெயருள்ள இன்னொரு குழந்தையின் கட்டிலுக்குப் போய்விட்டது. டாக்டர் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னதால் தப்பித்தது. விழுப்புரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஓ.பி. வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது.

நானும் சண்முகசுந்தரமும் சர்வர் முன்னால் உட்காருவதற்குள் டைரக்டர் அம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

“மேரி, ஜெனிபர் உங்களுக்கு என்ன வேணும்?”

“தங்கச்சி பொண்ணுங்க மேடம்.”

“சனிக்கிழமை அந்தப் பொண்ண நிறுத்துறோம். திங்கட்கிழமை அதே பிராஞ்ச்ல ஒருத்தராலும் உள்ள போக முடியல. இங்க எல்லாம் நல்லா இருக்கு. நான் என்னன்னு நெனைக்கிறது?”

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது முகமெல்லாம் சூடாகிவிட்டது. “மேடம், நான் அந்த மாதிரி...” என்று ஆரம்பித்தேன்.

“பாண்டிச்சேரியில இருந்து கம்பெனி ஆள் வந்துக்கினு இருக்காரு. அவர் பாக்கட்டும். அதுவரைக்கும் நீங்க சர்வர் பக்கம் போக வேணாம். வேணும்னு பண்ணதுன்னு தெரிஞ்சா போலீஸ்ல குடுத்துருவேன்.”

சண்முகசுந்தரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேரி அப்படிச் செய்யமாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அறையை விட்டு வெளியே வரும்வரை எதிர்பார்த்தேன்.

எங்கள் அறைக்கு வந்ததும் சொன்னார். “சர்வர் ரூம் சாவியைக் குடுத்துடுங்க மேரி. உங்க அட்மின் ஐடியையும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறேங்க.” சாவியை இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். பிறகு, “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார். அவர் திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அந்த மரியாதைக்கு எதிரே எனக்கு வாய் எழவில்லை.

சர்வர் அறைக்கு வெளியே, எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்களுக்குப் போட்டிருக்கும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கூப்பிட்டால் வர வேண்டுமாம். திங்கட்கிழமை என்பதால் நடைபாதையெல்லாம் ஜனம். நர்ஸுகள் என்னைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள், கடந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை எடுத்துப் புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க்காரி ஒருத்தி மாமியாருக்கு எக்ஸ்ரே எடுக்க வந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இன்னாக்கா, நீ இங்க ஒக்காந்துக்கினு இருக்க? ஒடம்பு எதுனா சரியில்லியா?”

“ஆமா. கொஞ்சம் மயக்கமா இருக்கு.”

“வெறும் வயித்தோட வந்துருப்ப” என்று எழுந்து போய் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. நான் பன்னைத் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். போலீஸ் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் பார்க்கப்போவது இவள்தான், சாயங்காலத்துக்குள் ஊரே பேசும் என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

கம்பெனி ஆள் விக்னேஷ் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. முதலில் இரண்டு ஊரையும் இணைக்கும் லைனைப் பார்த்தார். லைன் சரியாக இருந்தது. இங்கிருந்தபடியே திண்டிவனத்தில் ஒரு கணினியைச் சர்வரிலிருந்து பிரித்து மறுபடி சேர்த்துப் பார்த்தார். மாற்றமில்லை. கடைசியில் கதவைத் திறந்து என்னிடமே வந்தார்.

“மேடம், சாரோட அட்மின் ஐடியில திண்டிவனம் மெஷின் தொறக்குது. ஸ்டாஃப் ஐடியில தொறக்கல.”

“அப்ப மெஷின்ல கோளாறு இல்லீங்க. ஏதோ பாலிசிதான் ஸ்டாஃபத் தடுக்குது.”

“அதாங்க நானும் நெனைச்சேன். அந்த மெஷினுக்கு எந்தெந்தப் பாலிசி எறங்கிருக்குன்னு ரிப்போர்ட் எடுத்துக்கினு இருக்கேன். உங்களையும் உள்ள வரச் சொன்னாங்க.”

உள்ளே டைரக்டர் அம்மா நாற்காலியில் இருந்தார். சண்முகசுந்தரம் சுவரோரம் நின்றார். நானும் போய் நின்றேன். விக்னேஷ் ரிப்போர்ட்டைத் திறந்தார். திண்டிவனம் கணினிக்கு இறங்கியிருந்த பாலிசிகள் பெயர் பெயராக வந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்தவை, ஒன்றைத் தவிர. ‘டிஎம் பிளாக்.’ டிஎம் என்றால் எங்கள் சுருக்கத்தில் திண்டிவனம். அதைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு விதி. இன்ன குரூப்பில் இருப்பவர்கள் இந்தக் கணினிகளில் நுழையக் கூடாது. குரூப்பின் பெயர், திண்டிவனம் ஸ்டாஃப்.

நுழையலாம் என்று ஒரு விதியும் நுழையக் கூடாது என்று ஒரு விதியும் இருந்தால், கூடாது என்பதுதான் நிற்கும். எத்தனை இடத்தில் அனுமதி கொடுத்திருந்தாலும் பயனில்லை. எங்கள் சர்வரில் திண்டிவனம் ஸ்டாஃப் என்று ஒரு குரூப், திண்டிவனம் ஸ்டாஃப் காண்ட்ராக்ட் என்று இன்னொரு குரூப். பெயரைத் தேடினால் இரண்டும் அடுத்தடுத்து வரும். இரண்டாவதை எடுக்க வேண்டியவர் முதலாவதை எடுத்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் உருவானது என்று அதிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இருந்த ஓரிருவர் ஏற்கெனவே திறந்துகிடந்த கணினிகளில் வேலை பார்த்ததால் யாருக்கும் தெரியவில்லை.

“யார் போட்டது இத?” என்றார் டைரக்டர் அம்மா.

“தனி ஆள் பேரு காட்டாதுங்க மேடம். அட்மின் குரூப்புன்னுதான் காட்டுது. யாரு என்ன மாத்துனாங்கன்னு பதிவு பண்ற வசதி இங்க ஆன் பண்ணல.”

“அட்மின் குரூப்ல யாரெல்லாம் இருக்காங்க?”

“சாரும் இந்த மேடமும்தாங்க.”

டைரக்டர் அம்மா என் பக்கம் திரும்பினார். விக்னேஷும் திரும்பினார். சனிக்கிழமை சாயங்காலம் நானும் ஆபீஸில்தான் இருந்தேன். நான் இல்லை என்று சொல்ல என்னிடம் என் வார்த்தையைத் தவிர எதுவும் இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டேன். குற்றம் செய்தவள் எப்படி நிற்பாளோ அப்படித்தான் நின்றிருப்பேன்.

சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

“நான் போட்டதுங்க மேடம்.”

“நீங்களா?”

“அந்த நாலு பேரும் இனிமே உள்ள வராம பாத்துக்கங்கன்னு சொன்னீங்களே. அதுக்காகப் போட்டேன். குரூப்பு மாறிப்போச்சு. டெஸ்ட் பண்ணிப் பாக்கலங்க.”

அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி. எல்லோர் பார்வையும் என்னை விட்டு அவர் மேல் போய்விட்டதே என்ற நிம்மதி. கண்ணாடி இல்லாத அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதிக்காகவே தலையைக் குனிந்துகொண்டேன்.

விக்னேஷ் அந்தப் பாலிசியை நிறுத்தினார். அந்த மாற்றத்தை உடனே இறக்கிக்கொள்ளச் சொல்லித் திண்டிவனம் கணினிகளுக்கு உத்தரவு அனுப்பினார். சற்று நேரத்தில் போன் வந்தது. “வருது மேடம், உள்ள போவுது!” பின்னால் யாரோ கைதட்டுவதுகூடக் கேட்டது.

டைரக்டர் அம்மா எழுந்தார். “சரி, எல்லாரும் வேலையப் பாருங்க.” வாசலில் நின்று திரும்பி, “மனசுல வெச்சுக்காதீங்க மேரி” என்றார். அவ்வளவுதான். காலையில் ஆட்டோவில் நான் தயார் செய்துவைத்திருந்த பேச்சு தொண்டை வரை வந்தது. ஆனால் அப்போது ஜெனிபர் பெயரைச் சொன்னால், என்னைச் சந்தேகப்பட்டது சரிதான் என்று ஆகிவிடாதா? இந்தப் பெண்ணுக்காக இவள் எதுவும் செய்வாள் என்று தோன்றாதா? அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு என் மேசைக்குப் போனேன்.

எல்லோரும் போன பிறகு சண்முகசுந்தரம் சாவியை என் மேசையில் வைத்தார்.

“மன்னிச்சுடுங்க மேரி. ஐடியை மூடினா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னுதான் பாலிசியில போட்டேன். உங்களுக்குத் தெரிய வேணான்னு மேடம் சொன்னாங்க. எனக்கும் உங்க வீட்டுப் பொண்ணோட ஐடியை உங்க கையாலயே மூடச் சொல்ல மனசு வரலங்க. ரெண்டுமே நெசம்.”

“காலையிலயே உங்களுக்குத் தெரியுமா சார்?”

சாவியை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தார். “சந்தேகம் வந்துது. அப்படி இருக்காதுன்னு நெனைச்சுக்கிட்டேங்க.”

அந்தச் சந்தேகத்தோடுதான் என்னிடம் இரண்டு கை நீட்டிச் சாவி வாங்கியிருக்கிறார். அந்தச் சந்தேகத்தோடுதான் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று தெரிந்தும் அவர்தான் சொன்னார். அவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் முடியவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை ஒரே அறையில்தான் வேலை பார்த்தோம். அதன் பிறகு அவர் தனியாக எந்தப் பாலிசியையும் போடவில்லை. என்னிடம் சொல்லிப் போடவைப்பார். பேசும்போது அவர் பார்வை என் தோள்வரைதான் வரும். நான் எக்ஸ்ரே நடைபாதையை விட்டுவிட்டு மருந்துக் கடை வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன்.

மறுநாள் கணினிகளையெல்லாம் சரிபார்க்க என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்கள். கிளையில் ஒருவரும் நேராகக் கேட்கவில்லை. ஒவ்வொரு கணினியாக ஊழியர் ஐடியில் நுழைந்து பார்த்தேன். லேபில் ஜெனிபர் உட்காரும் நாற்காலியில் யாரோ ஸ்வெட்டரைப் போட்டு வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் போனேன்.

கதவைத் திறந்த ஜெனிபர் என்னைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எனக்குத் தெரியும் பெரிம்மா, நீ சும்மா இருக்க மாட்டன்னு! மொத்த பிராஞ்சும் நின்னு போச்சாமே! லேபுல கையால எழுதிக்கினு பேஜாராயிட்டாங்களாமே! எங்க பெரிம்மா பண்ண வேலைன்னு தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”

லூர்து பின்னாலேயே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. “இவளுக்காகப் போயி... ஒன் வேலைக்கி எதுனா ஆயிருந்தா என்னாக்கா பண்ணுவ?”

“நான் பண்ணல.”

“எங்ககிட்டகூட மறைக்கிறியா?” என்றாள் ஜெனிபர். சிரிப்பு இன்னும் போகவில்லை.

“சத்தியமா நான் பண்ணலடி. வேற ஒருத்தர் தப்பா ஒரு குரூப்ப எடுத்துட்டாரு. என்மேல சந்தேகப்பட்டு சாவிய வாங்கி வெளிய ஒக்கார வெச்சிட்டாங்க.”

அவள் கை என் தோளிலிருந்து இறங்கியது.

“சரி. டைரக்டரம்மா கிட்ட பேசுனியா?”

“பேசறதுக்குள்ள இது நடந்துபோச்சு. இப்ப போயி பேசுனா...”

நான் முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. “அப்ப எனக்காகன்னு ஒண்ணுமே நடக்கல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு முடிந்தது போலச் சொன்னாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

“சூடா இருக்கு பெரிம்மா. பாத்து குடிங்க.”

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்ட பெண்.

அந்த நான்கு பேரில் யாரையும் ஆஸ்பத்திரி திரும்ப எடுக்கவில்லை. ஜெனிபருக்குச் சில மாதங்களில் திண்டிவனத்திலேயே வேறொரு லேபில் வேலை கிடைத்தது. இப்போது கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருகிறாள். எனக்குச் சர்க்கரை பார்க்க அவளே ரத்தம் எடுக்கிறாள், ஊசி போனதே தெரியாது. குறை சொல்ல எதுவும் இல்லை. “நல்லா இருக்கீங்களா பெரிம்மா, சாப்ட்டீங்களா” என்று வாரம் தவறாமல் போன் செய்கிறாள். அந்த ‘ங்க’வை மட்டும் அவள் இன்றுவரை எடுக்கவில்லை. எடுடி என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.